உதட்டுக்குள் எத்தனை மில்லிகிராம்?

ஆரல்வாய்மொழியில் நெடுஞ்சாலையை ஒட்டிய டீக்கடைகளின் பின்பக்கமாக நடந்தால் காலடியில் ஒன்று அடிக்கடி தட்டுப்படும். சுண்டுவிரல் நுனியளவு இருக்கும். வெள்ளைத் துணிபோன்ற ஒரு உறை, நைந்து, பழுப்புக் கறை ஏறிக் கிடக்கும். முப்பந்தல் பக்கத்துக் காற்று அதையும் உருட்டிக்கொண்டுபோய் வாய்க்காலில் தள்ளும். விவரம் தெரியாதவர் தேயிலைப் பை என்று நினைத்துக்கொள்வார். எட்டாம் வகுப்புப் பையனிடம் கேட்டால் ‘கூல் லிப்’, உதட்டுக்குள் வைக்கிற புகையிலைப் பொதி என்று பட்டென்று சொல்லிவிடுவான்.

அதே சாலையில் வேறொன்றும் வரத் தொடங்கியிருக்கிறது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில், வாசனைத் திரவியத்துக்கும் பேரீச்சம்பழத்துக்கும் நடுவே, வட்டமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று. உள்ளே பனிவெள்ளையாகச் சிறுசிறு பவுச்சுகள். புகையிலைத் துகள் கிடையாது. தாவர நாரில் நிக்கோட்டினை ஏற்றி, புதினா மணம் சேர்த்தது. சவூதி அரேபியாவில் அந்நாட்டின் பொது முதலீட்டு நிதியமே ‘பதாயில்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 2023 முதல் ‘டிசர்ட்’ என்ற பெயரில் இதை விற்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ‘ஸின்’ என்ற பெயர் பிரபலம். குமரி மாவட்டத்தில் கடல் கடந்து வேலைக்குப் போகாத வீடுள்ள தெரு குறைவு. அதனால் இந்த டப்பா நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை.

இரண்டும் போய் உட்காருகிற இடம் ஒன்றுதான்: உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில். இரண்டிலிருந்தும் இறங்குகிற நஞ்சும் ஒன்றுதான்: நிக்கோட்டின். டப்பாவில் 3, 6, 10 என்று ஓர் எண்ணும் அதன் பக்கத்தில் சில புள்ளிகளும் இருக்கின்றன. கூல் லிப் பொட்டலத்தில் அந்த எண் இல்லை. அந்த எண் உண்மையில் என்ன சொல்கிறது, எதை மறைக்கிறது, எண்ணே இல்லாத பொட்டலத்தை நம் பிள்ளைகள் எதை வைத்து அளக்கிறார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

புள்ளிகளை நம்பலாமா?

முதலில் புள்ளிகள். நான்கு புள்ளி வரைந்து அதில் மூன்றை நிறமாக்கியிருந்தால் ‘ஸ்ட்ராங்’ என்று வாங்குகிறவர் புரிந்துகொள்கிறார். ஆனால் இந்தப் புள்ளிகளுக்குப் பொதுவான அளவுகோல் உலகத்தில் எங்கும் கிடையாது. ஒரு நிறுவனம் நான்கு புள்ளிக்குள் அடக்குவதை இன்னொன்று ஆறு புள்ளியாகப் பிரிக்கிறது. ஒருவருடைய ‘ரெகுலர்’ இன்னொருவருடைய ‘எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்’. ஒரே நிறுவனத்தின் இரண்டு டப்பாக்களை ஒப்பிட மட்டும் புள்ளி உதவும். கம்பெனி மாறினால் அதற்கு அர்த்தமே இல்லை.

அடுத்தது எண். இதில்தான் பெரிய குழப்பம். சில டப்பாக்களில் ஒரு பவுச்சில் எத்தனை மில்லிகிராம் நிக்கோட்டின் என்று இருக்கும். சிலவற்றில் ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். பவுச் ஒன்று ஒரு கிராம் எடை இருப்பதில்லை. அரை கிராம் முதல் முக்கால் கிராம், அதற்குச் சற்று மேலே கீழே என்றுதான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராமுக்கு 20 மி.கி. என்று எழுதிய டப்பாவில் பவுச்சின் எடை 0.5 கிராம் என்றால் ஒரு பவுச்சில் 10 மி.கி. கிராமுக்கு 16 மி.கி. என்று எழுதிய இன்னொரு டப்பாவில் பவுச்சின் எடை 0.8 கிராம் என்றால் 12.8 மி.கி. எண்ணைப் பார்த்து ‘இது கொஞ்சம் லேசு’ என்று 16-ஐ எடுத்தவர் உண்மையில் கூடுதலாக வைக்கிறார். பவுச்சின் எடையைக் கிராமுக்கான எண்ணால் பெருக்கிப் பார்க்கிற பழக்கம் இல்லாதவருக்கு இது தெரியவே தெரியாது. அந்த எடையும் டப்பாவின் அடிப்பக்கத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில் இருக்கும்.

ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டுக்கான கூட்டாட்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 44 வகைப் பவுச்சுகளைச் சோதனைச்சாலையில் அளந்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். மிகக் குறைந்தது ஒரு பவுச்சில் 1.79 மி.கி., மிக அதிகம் 47.5 மி.கி. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வெள்ளைப் பொதிகளுக்கு நடுவில் இருபத்தைந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரு பவுச்சுக்கு 16.6 மி.கி.யை மேல்வரம்பாக வைக்கலாம் என்று அந்நிறுவனம் யோசனை சொன்னது. பெல்ஜியம் வரம்பு பற்றி யோசிக்காமல் 2023 அக்டோபரில் விற்பனையையே நிறுத்திவிட்டது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் ‘ஸின்’ வகைகளில் 20-க்கு விற்பனை அனுமதி கொடுத்தது. எல்லாம் 3 மி.கி., 6 மி.கி. பவுச்சுகள். அனுமதி கொடுத்தபோதே, பாதுகாப்பான புகையிலைப் பொருள் என்று ஒன்று இல்லை என்பதையும் அது சொன்னது. விளம்பரக்காரர்கள் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

சுண்ணாம்பு சொல்லும் கணக்கு

சரி, பவுச் ஒன்றுக்கு 6 மி.கி. என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறும் உடம்புக்குள் போகுமா? போகாது. ஒரு மணி நேரம் வைத்திருந்தால் பாதி, அல்லது பாதிக்குச் சற்று மேல் எச்சிலில் கரைந்து வெளிவரும். அதிலும் ஒரு பங்கு வாயின் உள்தோல் வழியாக நேரே இரத்தத்துக்குப் போகிறது. விழுங்கிய எச்சிலோடு வயிற்றுக்குப் போகிற பங்கைக் கல்லீரல் பெருமளவு உடைத்துவிடுகிறது. ஒரே கரண்டித் தேயிலைத் தூளைப் போட்டாலும் எவ்வளவு நேரம் கொதிக்கிறது என்பதைப் பொறுத்துச் சாயம் மாறுவதைப் போல, பவுச்சை எத்தனை நேரம் வைத்திருக்கிறோம், நாக்கால் எவ்வளவு புரட்டுகிறோம் என்பதைப் பொறுத்து இறங்குகிற அளவும் மாறும்.

சிகரெட்டோடு ஒப்பிடுகிறவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். ஒரு சிகரெட்டின் புகையிலையில் ஏறத்தாழ 10 முதல் 14 மி.கி. நிக்கோட்டின் இருந்தாலும் பிடிக்கிறவர் உடம்பில் சேர்வது 1 முதல் 1.5 மி.கி. வரைதான். அப்படியானால் 6 மி.கி. பவுச் அரைச் சிகரெட்டுக்குச் சமம் என்று கடைக்காரர் கணக்குச் சொல்வார். அது தப்புக் கணக்கு. சிகரெட்டில் இருப்பதில் பெரும்பகுதி எரிந்தும் காற்றிலும் போகிறது. பவுச்சில் இருப்பதில் பாதிக்கு மேல் வாய்க்குள்ளேயே கரைகிறது. இரண்டின் எண்களையும் அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்துதான் போவோம். புகை சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு இறங்கும். பவுச் மெதுவாக ஏறி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். ஏறுவது தெரியாததால் ‘ஒண்ணும் ஏறல’ என்று இரண்டாவதையும் வைக்கிறவர்கள் உண்டு. வாந்தியும் தலைசுற்றலும் அப்போதுதான் வரும். நிக்கோட்டின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்தது, அதற்குள் இன்னொன்று என்று போனால் சாயங்காலத்துக்குள் உடம்பில் தேங்கி நிற்கிற அளவை எந்த டப்பாவின் எண்ணும் சொல்லாது.

இதைவிட முக்கியமானது இன்னொன்று இருக்கிறது. அது எந்தப் புள்ளியிலும் எண்ணிலும் வராது. நம் ஊர்ப் பாட்டிகளுக்கு அது நன்றாகத் தெரியும்: சுண்ணாம்பு.

நாஞ்சில் நாட்டில் வெற்றிலைச் செல்லம் இல்லாத வீடு ஒரு காலத்தில் வீடே இல்லை. நடவுக்கு வரும் பெண்கள் மடியில் முடிந்து வைத்திருப்பார்கள். ஒரு துண்டு புகையிலையை வெறுமனே மென்றால் கிடைக்காத ஏற்றம், விரல் நுனியில் தொட்ட சுண்ணாம்பைச் சேர்த்ததும் கிடைக்கும் என்பது கைப்பழக்கத்தில் வந்த அறிவு. வேதியியல் சொல்வதும் அதுவே. நிக்கோட்டின் இரண்டு வடிவங்களில் இருக்கும். அமிலத்தன்மை உள்ள இடத்தில் மின்னூட்டம் ஏறிய வடிவமாக இருக்கும். அது வாயின் தோலைச் சுலபத்தில் கடக்காது. காரத்தன்மை ஏறினால் கட்டவிழ்ந்த வடிவமாக மாறும். அது சட்டென்று ஊடுருவும். அமில-கார அளவைக் காட்டும் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒன்பது பங்குதான் கட்டவிழ்ந்த நிக்கோட்டின். பி.எச். 8-இல் பாதி. பி.எச். 9-இல் நூற்றில் தொண்ணூறு. ஆகவே ‘6 மி.கி.’ என்று ஒரே எண்ணைச் சுமந்த இரண்டு பவுச்சுகளில் ஒன்று சாதுவாகவும் இன்னொன்று தலையில் தட்டுகிற மாதிரியும் இருக்கலாம். உள்ளே சேர்த்த காரப்பொருள் வேறு, அவ்வளவுதான். ஜெர்மன் ஆய்வில் அந்தக் கட்டவிழ்ந்த பங்கு நூற்றுக்கு 7.7-இலிருந்து 99.2 வரை மாறியது. வட இந்தியாவிலிருந்து வரும் கைனியின் பி.எச். 9-ஐத் தாண்டுவதற்கும் காரணம் அதில் குழைத்த சுண்ணாம்புதான்.

எனவே டப்பாவில் எழுதிய மில்லிகிராம் பாதி உண்மை. பி.எச். எவ்வளவு என்பது மீதிப் பாதி. அதை அச்சிடும்படி கட்டாயப்படுத்தாத எந்த நாட்டின் லேபிளும் முழு லேபிள் ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

கணவாய் வழியே

ஆரல்வாய்மொழிக்கும் புகையிலைக்கும் உள்ள தொடர்பு நேற்று வந்ததில்லை. திருவிதாங்கூர் அரசின் கிழக்கு வாசலாக இருந்த கணவாய் இது. 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாயின் எழுச்சியை அடக்க வந்த ஆங்கிலேயப் படை இங்கிருந்த கோட்டை அரணை உடைத்துக்கொண்டுதான் உள்ளே இறங்கியது. படை வராத காலத்தில் இங்கே நடந்த முக்கியமான வேலை சுங்கம். புகையிலை அன்று அரசரின் ஏகபோகச் சரக்கு. கஜானாவின் பெரிய வருமானங்களில் ஒன்று. கடல் வழியே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புகையிலைக்குத் திருவிதாங்கூரில்தான் மிகப் பெரிய சந்தை. மலை தாண்டிக் கள்ளத்தனமாக வரும் புகையிலையைத் தடுப்பது கணவாய்க் காவலின் வேலைகளில் ஒன்று. 1860-களில் திவான் மாதவ ராவ் காலத்தில் ஏகபோகம் நீங்கி இறக்குமதி வரி மட்டும் நின்றது.

அந்தக் காலத்தில் யாரும் மில்லிகிராம் கேட்டதில்லை. ‘யாழ்ப்பாணமா?’ என்று கேட்டால் போதும். விளைந்த ஊரின் பெயர்தான் வீரியத்துக்கு அடையாளம். அரசு எடை போட்டு வரி வாங்கியது. மெல்லுகிறவர் ஊர்ப் பெயரையும் இலையின் கருமையையும் மணத்தையும் பார்த்து அளவைத் தீர்மானித்தார். துண்டைக் கிள்ளுவது அவர் கையில் இருந்தது. சுண்ணாம்பைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் விரலில் இருந்தது. அதனால் வாய்ப்புற்று வராமல் போகவில்லை. புகையிலையை மெல்லுவது புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே முதல் வரிசையில் வைத்துச் சொன்ன முடிவு. அந்தப் பழக்கத்தைப் பழம்பெருமையாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனாலும், எவ்வளவு போடுகிறோம் என்பதை அவர்கள் தங்கள் கண்ணால் பார்த்துப் போட்டார்கள். இன்று அந்த அளவை இயந்திரம் தீர்மானித்து, உறைக்குள் தைத்து, எதுவும் எழுதாமல் நம் பையன் கையில் கொடுக்கிறது.

தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா, மெல்லும் புகையிலை எல்லாவற்றுக்கும் 2013 மே முதல் தடை இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையர் வருடாவருடம் அதைப் புதுப்பிக்கிறார். கேரளம் 2012-லேயே தடை போட்டுவிட்டது. ஆக, இந்தக் கணவாய்க்கு இந்தப் பக்கமும் தடை, களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் தடை. இருந்தும் தடை இல்லாத மாநிலங்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்துகொண்டேயிருக்கிறது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், அவசரத்துக்குத் தற்காலிகமாகத் தடை போடத்தான் ஆணையருக்கு அதிகாரம், ஆண்டுக்கணக்கில் நீட்டிக்க முடியாது என்று சொல்லித் தடை அறிவிக்கைகளை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மதுரைக் கிளையில் நீதிபதி பரத சக்கரவர்த்தி முன்னால், தடை செய்த புகையிலையை விற்றதாகக் கைதானவர்களின் ஜாமீன் மனுக்கள் வந்தபோது பேச்சு கூல் லிப்பில் போய் நின்றது. பள்ளிப் பிள்ளைகள் அடிமையாகிறார்கள் என்று வேதனைப்பட்ட அவர், பாதுகாப்பற்ற உணவு என்று இதை நாடு முழுவதும் ஏன் அறிவிக்கக் கூடாது என்று கேட்டார். தமிழ்நாட்டில் உதட்டுப் பவுச் ஒன்று தன் பெயரோடு நீதிமன்றத்தில் நின்ற தருணம் அது.

உணவா, புகையிலையா?

நீதிபதி எழுப்பிய கேள்வியில் ‘உணவு’ என்ற ஒரு சொல் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு சட்டப் புத்தகத்துக்குள் போனால் வியப்பான ஓரிடத்துக்கு வருவோம்.

கூல் லிப்பை உணவு என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விற்பனைத் தடை ஒழுங்குமுறை ஒரே வரியில் முடிவு சொல்லிவிட்டது: எந்த உணவிலும் புகையிலையும் நிக்கோட்டினும் சேர்மானமாக இருக்கக் கூடாது. ஆக, அது சந்தையில் இருக்கவே வழியில்லை.

இல்லை, இது உணவல்ல, புகையிலைப் பொருள் என்று தயாரிப்பாளர்கள் வாதாடலாம். வாதாடவும் செய்கிறார்கள். அப்போது 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம் வரும். அதன் 7-ஆம் பிரிவு, புகையிலைப் பொட்டலத்தில் நிக்கோட்டின் அளவையும் தார் அளவையும், அனுமதிக்கப்பட்ட உச்ச அளவையும் எழுத வேண்டும் என்று சொல்கிறது. அந்த உச்ச அளவு எவ்வளவு என்று அறிவிக்கப்படாததால் அந்த வரி நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பொட்டலத்தின் இரு பக்கத்திலும் நூற்றுக்கு 85 பங்கு இடத்தில் எச்சரிக்கைப் படம் 2016 முதல் வந்துவிட்டது. அதை நான் வரவேற்கிறேன்; எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தப் படம் புரியும். ஆனால் நிக்கோட்டின் அளவு மட்டும் வரவில்லை.

உணவென்றால் இருக்கக் கூடாது. புகையிலையென்றால் அளவைச் சொல்ல வேண்டும். எந்த வழியாக வந்தாலும், இன்று கடையில் தொங்கும் அந்த ஊமைப் பொட்டலத்துக்கு நியாயம் இல்லை.

வெள்ளை டப்பாவின் கதை இன்னும் சிக்கல். 2003 சட்டத்தின் அட்டவணையில் சிகரெட், பீடி, சுருட்டு, மூக்குப்பொடி, மெல்லும் புகையிலை, குட்கா எல்லாம் இருக்கின்றன. எல்லாம் புகையிலை உள்ளவை. இலையே இல்லாமல் நிக்கோட்டின் மட்டும் ஏற்றிய பவுச்சைப் பெயர் சொல்லி அழைக்கும் வரி அதில் இல்லை. 2019-ஆம் ஆண்டின் மின்சிகரெட் தடைச் சட்டம் சூடாக்கி ஆவியை இழுக்கும் கருவிகளைப் பற்றியது. சட்டங்களுக்கு நடுவே இருக்கும் சந்து வழியாகத்தான் இந்த டப்பா நுழைகிறது.

இரவு வண்டி ஓட்டும் ஒரு லாரிக்காரரிடம் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். உதட்டுக்குள் வைத்திருந்ததை நகர்த்திவிட்டுத்தான் பேசினார்.

“அண்ணாச்சி, அதுல எவ்வளவு பவருன்னு எங்கயாவது போட்டிருக்கா?”

“பவரெல்லாம் எவன் பாக்கான்? வெச்ச ஒடனே தல கிறுகிறுன்னு வந்தா சரக்கு நல்ல சரக்கு. வரலேன்னா ரெண்டா வெச்சுக்கிட வேண்டியதுதான்.”

“முதல்ல ஒண்ணு வெச்சப்பவும் இப்படித்தான் இருந்துதா?”

“மொதல்ல பாதி வெச்சாலே வாந்தி வரும். இப்ப பழகிட்டுல்லா.”

அளவு எழுதாத இடத்தில் தலைச்சுற்றல்தான் அளவுகோல் ஆகிறது. அந்தத் தலைச்சுற்றல் நிக்கோட்டின் நஞ்சேறியதற்கான முதல் அறிகுறி. பழகப் பழக அது மறையும். அது மறைவதை உடம்பு தாங்கிக்கொண்டதாக எடுத்துக்கொண்டு இவர்கள் அளவைக் கூட்டுகிறார்கள். செங்கல் சூளையில் வெயிலில் நிற்கிறவர், இரவெல்லாம் கண்விழித்து வண்டி ஓட்டுகிறவர், விடியுமுன் தோவாளைச் சந்தைக்குப் பூ கொண்டுபோகிறவர் ஆகியோருக்கு இதைத் தொட ஒரு காரணமாவது இருக்கிறது, அது களைப்பு. பதின்மூன்று வயதுப் பையனுக்கு அதுவும் இல்லை. புகை இல்லை, வாசனை இல்லை, துப்ப வேண்டியதில்லை. வாத்தியார் முன்னாலேயே உதட்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். வளரும் மூளை நிக்கோட்டினுக்கு வளர்ந்தவர் மூளையைவிட வேகமாக அடிமையாகும். பிள்ளைகளுக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் இருக்கின்றன. பெட்டிக்கடைக்காரர் இந்த வரியைக் கேட்டிருக்கிறாரோ இல்லையோ, காவல்துறை ஒவ்வொரு கடையிலும் நின்று சொன்னால் நல்லது.

இன்னும் சின்னப் பிள்ளைகள் பற்றியும் சொல்ல வேண்டும். டப்பா மிட்டாய் டப்பா போலவே இருக்கிறது. வாசனையும் மிட்டாய் வாசனை. அமெரிக்காவின் நச்சு முறிவு மையங்களுக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்தபோது, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நிக்கோட்டின் பவுச்சை விழுங்கிய சம்பவங்களின் விகிதம் 2020-க்கும் 2023-க்கும் இடையே எட்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. வளர்ந்தவருக்கு ‘லேசு’ என்று எழுதியது தவழும் குழந்தைக்கு லேசு அல்ல. விடுமுறைக்கு வந்தவரின் டப்பா மேசை மேல் கிடக்கிற வீடுகளில் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

மருந்துக்கடையில் ஒரு நல்ல லேபிள்

நிக்கோட்டின் அளவை ஒழுங்காகச் சொல்லும் பொருள் ஒன்று நம் ஊரிலேயே கிடைக்கிறது. மருந்துக்கடையில் விற்கும் நிக்கோட்டின் சூயிங்கம். இந்தியாவில் 2 மி.கி. வரை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கலாம்; 4 மி.கி. வேண்டுமென்றால் சீட்டு வேண்டும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைத் தேடுகிறவருக்கு 4. அதற்கு மேல் தாக்குப்பிடிக்கிறவருக்கு 2. ஒரு நாளைக்கு 24-ஐத் தாண்டக் கூடாது. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, பிறகு இடைவெளியைக் கூட்டிக் கூட்டி, பன்னிரண்டு வாரத்தில் நிறுத்திவிட வேண்டும். மெல்லும் முறையும் எழுதியிருக்கும்: காரம் தெரியும்வரை மெல்லுங்கள், பிறகு கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள். போடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னும் போட்டிருக்கும்போதும் காபியோ குளிர்பானமோ குடிக்காதீர்கள் என்பதும் இருக்கும். ஏனென்றால் அவற்றின் அமிலம் வாயின் பி.எச்.-ஐக் குறைத்துவிடும், நிக்கோட்டின் உள்ளே போகாது. சுண்ணாம்பு செய்ததற்கு நேர்மாறான வேலை.

இரண்டு லேபிள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்தின் லேபிள் இது யாருக்கு, எத்தனை, எத்தனை நாள், எப்படிக் குறைப்பது, எப்போது நிறுத்துவது என்று பேசுகிறது. பவுச்சின் லேபிள் எவ்வளவு என்பதை மட்டும், அதுவும் பாதியைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. ஆரம்பிக்கிறவர் 3-இலிருந்து 6-க்கும் 6-இலிருந்து 10-க்கும் ஏறும் படிக்கட்டாகத்தான் அந்த எண்கள் கடையில் வரிசை கட்டி நிற்கின்றன. இறங்குவதற்கும் அதே படிக்கட்டு உதவும் என்று தயாரிப்பாளர்கள் சொல்லக்கூடும். உதவட்டும், ஆனால் இறங்கும் வழியை அவர்கள் டப்பாவில் எழுத வேண்டும். புகையிலைத் துகள் இல்லாததால் அதில் புற்றுநோய்க் காரணிகள் கூல் லிப்பைவிடப் பல மடங்கு குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. ஐம்பது வயதில் பீடியை விட முடியாமல் இருமிக்கொண்டிருப்பவருக்கு அது ஒரு வாதம். புகைத்தே அறியாத பதினாறு வயதுக்காரருக்கு அந்த வாதம் பொருந்தாது. இந்தப் பொருள் சந்தைக்கு வந்தே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. முப்பது ஆண்டு வைத்தவரின் ஈறும் இதயமும் எப்படி இருக்கும் என்று காட்ட இன்னும் யாருமில்லை.

2016-17-இல் நாடு முழுவதும் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் நூற்றுக்கு 21.4 பேர், ஏறக்குறைய 19.9 கோடிப் பேர், புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தியிருந்தார்கள். தமிழ்நாட்டில் அது நூற்றுக்கு 10.6. இத்தனை பேரில் ஒருவருக்குக்கூடத் தான் ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் நிக்கோட்டின் எடுக்கிறோம் என்று பொட்டலத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. மருத்துவருக்கும் சிரமம் இதுதான். நோயாளி ‘தினம் எட்டுப் பொட்டலம் டாக்டர்’ என்றால் அது எவ்வளவு என்று கணக்கிட எதுவும் இல்லை. சூயிங்கம் 2-இல் தொடங்கலாமா 4-இல் தொடங்கலாமா என்பதை, எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் தேடுகிறீர்கள் என்று கேட்டுத்தான் அவர் முடிவு செய்கிறார். நீதிமன்றத்தின் கேள்விக்கு டெல்லி என்ன பதில் சொன்னாலும், 7-ஆம் பிரிவின் அந்தப் பழைய வரிக்கு உயிர் கொடுக்கலாம். நிக்கோட்டின் அளவோடு பி.எச்.-ஐயும் சேர்த்து அச்சிடச் சொல்லலாம். அரசின் ஆய்வகங்கள் பிடிபடும் சரக்கை எடுத்து அளந்து, பெயர் பெயராக முடிவை வெளியிடலாம். பிடிபட்ட மூட்டையை எரிக்குமுன் ஒரு பொட்டலத்தைச் சோதனைக்கு அனுப்புவது நடக்கக்கூடிய காரியம்தான். எண் தெரிந்தால் தைரியமாக வாங்குவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். எண் தெரியாமலே வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் இன்றைய நிலை.

நிறுத்த நினைக்கிறவருக்கு: கட்டணமில்லாத் தேசிய உதவி எண் 1800-11-2356. 2018 செப்டம்பர் முதல் புகையிலைப் பொட்டலங்கள் மேலேயே அதை அச்சிடுகிறார்கள். கூப்பிடுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பவுச் தேவைப்படுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை, ஒவ்வொன்றையும் எவ்வளவு நேரம் வைத்திருக்கிறீர்கள். டப்பா கையில் இருந்தால் எண்ணோடு பவுச்சின் எடையையும் சேர்த்துச் சொல்லுங்கள். குமரி மாவட்டத்துக்காரர்கள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரிலும் போகலாம். ஆரல்வாய்மொழியில் பஸ் ஏறி, நாகர்கோவிலில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். முதல் மூன்று நாள் எரிச்சலும் தலைவலியும் தூக்கமின்மையும் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும்.